பண்பு மெத்தட்கள்: அழைக்கும்போது பிடிப்பதா, முன்கூட்டியே நிறுவுவதா?

தரவுத்தளத்தில் நாற்பது நெடுவரிசைகள் கொண்ட ஓர் அட்டவணை இருக்கிறது. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் அதன் மதிப்பைத் தரும் ஒரு மெத்தட் (பண்பு மெத்தட்) கிளாஸில் வேண்டும். ஆனால் பெயர் மட்டும் மாறி உடல் மாறாத நாற்பது மெத்தட்களைக் கையால் எழுத எவருக்கும் மனம் வராது. இந்தத் தேவையை நிறைவேற்ற நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு. முதலாவது, இல்லாத மெத்தட் அழைக்கப்படும்போது மொழி கடைசியாகத் தேடி வரும் கொக்கியில் நம் நிரலை வைத்து அந்த அழைப்பைப் பிடிப்பது: ரூபியில் மெத்தட்_மிஸ்ஸிங், பைத்தானில் __கெட்அட்ர்__, பெர்லில் ஆட்டோலோட்; ஜாவாஸ்கிரிப்டில், தேடலுக்கு முன்பே எல்லாப் பெயர்களையும் பிடிக்கும் பிராக்ஸி. இரண்டாவது, கிளாஸ் உருவாகும் நேரத்திலேயே பெயர்ப் பட்டியலைச் சுற்றி வந்து ஒவ்வொரு பெயருக்கும் மெய்யான ஒரு மெத்தடை நிறுவிவிடுவது: ரூபியில் டிஃபைன்_மெத்தட், பைத்தானில் செட்அட்ர் வழியாக ஒரு பிராபர்ட்டி (மதிப்பைப் போலவே படிக்கப்படும் மெத்தட்). மூன்றாவது, ஒரு சிறு நிரலைக் கொண்டு மூலநிரல் கோப்பையே எழுதவைத்து, அதைத் திட்டத்தோடு சேர்த்து வைப்பது.

நெடுங்காலம் முதல் வழியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பைத்தான் நிரல்தொகுப்பை நாங்கள் அண்மையில் இரண்டாவது வழிக்கு மாற்றினோம். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெயர்கள் முன்கூட்டியே தெரிந்தவையாக இருந்தால் நிறுவுவதே சரி.

வேகத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பிடிக்கும் வழியில் பெரும்பாலும் வழக்கமான தேடல் தோற்ற பிறகே நம் கொக்கிக்கு முறை வருவதால் அது மெதுவானது. நிறுவும் வழியிலும், ரூபியின் டிஃபைன்_மெத்தட் ஒரு பிளாக்கை (நிரல்துண்டை) அதன் சூழலோடு சுமந்துகொண்டிருப்பதால், வழக்கமான டெஃப் கொண்டு எழுதிய மெத்தடைவிடச் சற்றுப் பின்தங்கும். தரவுத்தளத்துக்குப் போய்வரும் நேரத்துக்கு முன்னால் இவை எதுவும் கண்ணில் படுவதில்லை. எழுத வேண்டிய வரிகளின் எண்ணிக்கையும் இரண்டு வழிகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. அதிலும் குறிப்பாக ஒரே ஒரு கேள்வி: இல்லாத பெயரைக் கேட்டால் ஆப்ஜெக்ட் என்ன பதில் சொல்கிறது? நெடுவரிசையின் பெயர் ஒருநாள் மாறும். பழைய பெயரை அழைக்கும் வரிகள் ஏதோ ஓர் அறிக்கையின் மூலையில் தங்கிவிடும். பிடிக்கும் வழியில், கொக்கிக்குள், பெயருக்கு மதிப்பைச் சேர்த்து வைக்கும் அகராதியிலிருந்து கெட் மூலம் மதிப்பை எடுக்கும்படி யாராவது எழுதியிருந்தால், பழைய பெயருக்கு நன் என்ற வெற்று மதிப்பு கிடைக்கும். அறிக்கை வெற்றிடத்தோடு அச்சாகும். பிழைச்செய்தி எதுவும் வராது. ரூபியின் ஓப்பன்ஸ்ட்ரக்ட் இப்படித்தான் நடந்துகொள்கிறது: வைக்கப்படாத எந்தப் பெயரைக் கேட்டாலும் நில் என்ற வெற்று மதிப்பை அமைதியாகத் திருப்பித் தரும். அதே மொழியின் ஸ்ட்ரக்ட், தன் பெயர்களை முன்கூட்டியே வரையறுத்துக்கொள்வதால், அறியாத பெயருக்கு நோமெத்தட்எரர் எழுப்பும்.

கொக்கியைக் கண்டிப்பாக எழுதினால் போதாதா என்று கேட்கலாம். போதும்தான், பட்டியலில் இல்லாத பெயருக்கு அட்ரிபியூட்எரர் எழுப்பலாம், ரூபியில் சூப்பர் மூலம் அழைப்பை மேல்கிளாஸிடம் விட்டுவிடலாம். வேறுபாடு என்னவென்றால், நிறுவும் வழியில் இந்தக் கண்டிப்பு மொழியிலேயே அமைந்திருக்கிறது. பிடிக்கும் வழியிலோ, அதை எழுதியவரின் கவனத்தையும் பின்னால் திருத்துகிறவர்களின் கவனத்தையும் நம்பி நிற்கிறது. பைத்தானின் சொந்த நூலகத்திலேயே இதற்குச் சான்று உண்டு. சோதனையில் உண்மையான ஆப்ஜெக்டுக்குப் பதிலாகப் பயன்படும் மாக் ஆப்ஜெக்ட், கேட்ட பெயரையெல்லாம் உண்டாக்கிக் கொடுக்கும் இயல்புடையது. அதனால் ஒருமுறை அழைக்கப்பட்டதா என்று சரிபார்க்கும் அசெர்ட்_கால்டு_ஒன்ஸ்_வித் என்பதில் ஓர் எழுத்தை மாற்றி எழுதினாலும் சோதனை முன்பு எதையும் சரிபார்க்காமலேயே தேறிவிட்டது. 3.5 பதிப்பில் அசெர்ட் என்று தொடங்கும் அறியாத பெயர்களுக்குப் பிழை எழுப்பும்படி மாற்றினார்கள். அப்போதும், முன்னொட்டு இல்லாமல் கால்டு_ஒன்ஸ் என்று மட்டும் எழுதினால் தப்பித்துக்கொண்டிருந்தது, 3.12 பதிப்பில்தான் அதுவும் அடைபட்டது. ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைப்பதைவிட, ஸ்பெக் என்ற அளவுருவின் மூலம் அனுமதிக்கப்பட்ட பெயர்களை முன்பே கொடுத்துவிடுவது மேல் என்று அதைப் பயன்படுத்துபவர்கள் அறிவார்கள். பெயர்ப்பட்டியலை முன்பே கொடுப்பது என்பது நிறுவும் வழியின் பாதி அல்லவா!

பைத்தானில் கண்டிப்பான கொக்கியும் ஏமாற்றும் ஓர் இடம் உண்டு. எங்கள் முடிவை இறுதியாக்கியது அதுதான். கிளாஸில் டோட்டல் என்ற பிராபர்ட்டியை முறைப்படி எழுதியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள்ளே ரேட் என்பதன் வேல்யூ படிக்கப்படுகிறது. ரேட் அந்தச் சமயத்தில் நன் ஆக இருக்கிறது. நன்னுக்கு வேல்யூ இல்லை என்ற அட்ரிபியூட்எரர் எழுகிறது. பிராபர்ட்டியிலிருந்து அந்தப் பிழை வெளியே வந்ததும், பைத்தான் அதை “டோட்டல் என்ற பண்பு கிடைக்கவில்லை” என்று புரிந்துகொண்டு, மூலப் பிழையைத் துடைத்துவிட்டு, டோட்டல் என்ற பெயரோடு நம் __கெட்அட்ர்__ கொக்கியை அழைக்கிறது. கொக்கி தன் கடமையைச் செய்து, டோட்டல் என்று எதுவும் இல்லை எனப் பிழை எழுப்புகிறது. திரையில் டோட்டல் கண்ணுக்கெதிரே எழுதப்பட்டிருக்கிறது. பிழைச்செய்தியோ அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கிறது. ரேட்டைப் பற்றி எங்குமே பேச்சில்லை. நிறுவும் வழியில் கொக்கியே இல்லாததால் உண்மையான பிழை அதன் வரி எண்ணோடு நேராக வந்து சேர்கிறது.

பெயரைத் தவறாகத் தட்டும்போது கிடைக்கும் உதவியும் இதே கணக்கில் சேரும். ரூபி 2.3 பதிப்பிலிருந்தும் பைத்தான் 3.10 பதிப்பிலிருந்தும், தவறிய பெயருக்கு நெருக்கமான சரியான பெயரை மொழியே பரிந்துரைக்கிறது. அந்தப் பரிந்துரை, ஆப்ஜெக்டில் மெய்யாகவே இருக்கும் பெயர்களிலிருந்து எடுக்கப்படுகிறது. கொக்கியில் மட்டும் வாழும் பெயர்களை அது அறியாது.

இல்லாததை இருப்பதுபோல் காட்டும் ஆப்ஜெக்டிடம் நாம் மட்டும் கேள்வி கேட்பதில்லை, மொழியும் நூலகங்களும் கேட்கின்றன. எதற்கும் ஒரு செயற்கூறைத் திருப்பித் தரும் ஜாவாஸ்கிரிப்ட் பிராக்ஸியை அவெய்ட் செய்தால் (முடிவுக்குக் காத்திருந்தால்), முடிவைத் தெரிவிக்கும் தென் என்ற மெத்தட் அதில் இருப்பதாக மொழி நம்பிவிடும். அந்தச் செயற்கூறு ஒருபோதும் முடிவைச் சொல்லாததால் நிரல் அங்கேயே நின்றுபோகும். பைத்தானில் காப்பி செய்யும்போது, தொடக்க மதிப்புகளை நிரப்பும் இனிட் ஓடாத வெற்று ஆப்ஜெக்டிடம் __செட்ஸ்டேட்__ உண்டா என்று கேட்கப்படும். கொக்கி தன் உள் அகராதியைத் தேடும். அந்த அகராதியே இன்னும் இல்லாததால் கொக்கி மீண்டும் தன்னையே அழைத்து, முடிவில் ரிகர்ஷன்எரரில் விழும். பெர்லில் ஆப்ஜெக்ட் அழியும்போது டிஸ்ட்ராய் அழைப்பும் ஆட்டோலோடுக்கே வந்து சேரும் என்பது அந்த மொழிக்காரர்களுக்குப் பழகிய தொல்லை. ரூபியில் மெத்தட்_மிஸ்ஸிங் எழுதினால் ரெஸ்பாண்ட்_டு_மிஸ்ஸிங்? என்பதையும் இணையாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஆப்ஜெக்ட் செய்வது ஒன்றாகவும் சொல்வது வேறாகவும் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தீர்வு உண்டு. அவற்றையெல்லாம் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதே என் குறை.

நிறுவும் வழியும் குற்றமற்றதன்று. பைத்தானில் ஃபார் சுற்றுக்குள்ளேயே கெட்டர் செயற்கூறை எழுதி நிறுவினால், எல்லா மெத்தட்களும் கடைசிப் புலத்தின் மதிப்பையே தரும். சுற்றின் மாறி அழைக்கும் நேரத்தில்தான் படிக்கப்படுகிறது என்பதே காரணம். பிராபர்ட்டியை உருவாக்கித் தரும் தனிச் செயற்கூறு ஒன்றை எழுதி, அதற்குப் பெயரை அளவுருவாகக் கொடுத்தால் இது தீரும். ரூபியின் ஈச் பிளாக்கில், ஒவ்வொரு சுற்றிலும் மாறி புதிதாகப் பிறப்பதால், இந்தச் சிக்கல் இல்லை.

பெயர் மோதல் இதைவிடப் பெரிய கவலை. அட்டவணையில் ஹாஷ் என்ற நெடுவரிசை இருந்து, அதை ரூபியில் அப்படியே நிறுவினால், ஆப்ஜெக்டைத் திறவுகோலாக வைத்திருக்கும் அகராதிகளெல்லாம் குழம்பிவிடும். பிடிக்கும் வழியில் நடப்பது இதற்கு நேர்மாறானது: டிஸ்ப்ளே என்ற நெடுவரிசையைக் கேட்டால், அந்தப் பெயரில் எல்லா ஆப்ஜெக்ட்களுக்கும் ஏற்கெனவே ஒரு மெத்தட் இருப்பதால், கொக்கிக்கு அழைப்பே வராது, ஆப்ஜெக்ட் திரையில் அச்சாகி நில் திரும்பும். இரண்டும் கெடுதல்தான். ஆனால் நிறுவும் வழியில், நிறுவும் அந்தக் கணத்திலேயே பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று சோதித்துப் பிழை எழுப்பிவிடலாம். ரூபியின் வலைச் சட்டகமான ரெயில்ஸில் அட்டவணைகளைக் கையாளும் ஆக்டிவ் ரெக்கார்ட், தன் சொந்த மெத்தடோடு மோதும் நெடுவரிசைக்கு டேஞ்சரஸ்அட்ரிபியூட்எரர் எழுப்புவது இந்த வகைதான். அதே ரெயில்ஸ், ஃபைண்ட்_ஆல்_பை_ என்று தொடங்கும் பிடிப்பு மெத்தட்களைப் பெரும்பாலும் 4.0 பதிப்பிலேயே கைவிடத் தொடங்கியது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

பெயர்கள் முன்கூட்டியே தெரியாத இடத்தில் பிடிப்பதைத் தவிர வழியில்லை. வேறொரு கணினியின் மெத்தட்களை அழைக்க உதவும் பைத்தானின் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி கிளையன்ட், தொலைவில் உள்ள சர்வரில் என்னென்ன மெத்தட்கள் உண்டு என்பதை அறியாது; கேட்ட பெயரை அப்படியே அனுப்பிவைப்பதே அதன் வேலை. அங்கே கொக்கி பொருத்தமானது. எங்கள் அட்டவணை அப்படிப்பட்டதன்று. அதன் நெடுவரிசைகள் நிரல் தொடங்கும்போதே தெரிந்திருந்தன.

கோப்பு எழுதும் வழியை நான் சிறிய திட்டங்களில் மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன். பெரிய குழுக்களில் அது எப்படித் தாங்கும் என்பதில் என் சொல்லை அதிகம் நம்ப வேண்டாம். அதன் முதன்மையான நன்மை தெளிவானது: நிறுவும் வழியில் மெத்தட்டின் முழுப்பெயர் மூலநிரலில் எங்குமே எழுதப்பட்டிருக்காது என்பதால் உரைத் தேடல் தோற்கும், கோப்பு வழியிலோ பெயர் கண்ணெதிரே இருக்கும், எடிட்டர் அதை அறியும், வகைச் சோதனைக் கருவியும் அறியும். பைத்தானில் புலங்களைக் கையால் எழுதத் தயங்காதவர்களுக்கு 3.7 பதிப்பில் வந்த டேட்டாகிளாஸ் இந்தச் சிக்கலையே இல்லாமல் செய்துவிடுகிறது. ஜாவாவில் 16-ஆம் பதிப்பில் நிலைபெற்ற ரெக்கார்டும் அப்படியே.

நாங்கள் இரண்டாவது வழியோடு மூன்றாவதிலிருந்து ஒரு பாதியை எடுத்துக்கொண்டோம். மெத்தட்கள் கிளாஸ் உருவாகும்போது நிறுவப்படுகின்றன. அதே பெயர்ப் பட்டியலிலிருந்து, மெத்தட்களின் தலைப்புகளை மட்டும் கொண்ட ஸ்டப் கோப்பு ஒன்று எழுதப்பட்டுத் திட்டத்தோடு சேர்க்கப்படுகிறது. பில்டின்போது அந்தக் கோப்பை மீண்டும் எழுதிப் பார்க்கிறோம்; சேர்த்து வைத்ததற்கும் புதிதாக வந்ததற்கும் வேறுபாடு இருந்தால் பில்ட் நின்றுவிடும். ஒரு நெடுவரிசையின் பெயர் மாறினால், அந்த மாற்றம் ஸ்டப் கோப்பில் ஒரு வரியாகக் கோட் ரிவ்யூவுக்கு வருகிறது. பழைய பெயரை இன்னும் அழைக்கும் இடங்களை வகைச் சோதனைக் கருவி அந்த நேரத்திலேயே பட்டியலிட்டுவிடுகிறது.