சேலத்தில் விற்கும் 10 அடி ‘கடல் செட்’: முட்டம் பாறைக்குத் தாங்குமா?

சேலத்தில் தூண்டில் சாமான் விற்கும் கடையில் ‘கடல் செட்’ என்று கேட்டால் ஒரு நீளப் பெட்டியை எடுத்து வைப்பார்கள். உள்ளே இரண்டு துண்டாகக் கழற்றும் 10 அடி ராடு, 5000 சைஸ் ரீல், அதில் ஏற்கெனவே சுற்றிய நைலான் நரம்பு, முள், ஈயக்குண்டு, சுவிவல் (நரம்பு முறுக்கேறாமல் சுழலும் இணைப்பு) போட்ட ஒரு பாக்கெட். ஸ்டிக்கர் கடைக்குக் கடை மாறும்; சரக்கு பெரும்பாலும் ஒன்றுதான். விலை 3,000 ரூபாயை ஒட்டி வரும். மேட்டூர் அணைக் கரைக்கு இது தாராளம். குமரி மாவட்டத்து முட்டம் மாதிரி, அலை நேராக வந்து மோதும் பாறை முனைக்கு? ராடை நம்பலாம். ரீலில் கொஞ்சம் வேலை இருக்கிறது. பாக்கெட்டை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

ராடு கண்ணாடி இழை. கனம்தான், இரண்டு மணி நேரம் வீசினால் தோள் வலிக்கும். ஆனால் பாறையில் இடித்தால் கார்பன் ராடு மாதிரி சட்டென்று விரிசல் விடாது. 10 அடி நீளமும் வீண் இல்லை. பாறை விளிம்பிலிருந்து நரம்பை வெளியே தள்ளிப் பிடிக்க அந்த நீளம் வேண்டும். 7 அடி ராடில் நரம்பு, பாறையில் ஒட்டியிருக்கும் கூரிய கொட்டலசு ஓட்டின் மேல் உரசி அறுந்துவிடும். வாங்கும்போதே ராடில் நரம்பு ஓடும் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் பஞ்சை விட்டுச் சுழற்றிப் பாருங்கள். பஞ்சு இழை எங்காவது மாட்டினால் பீங்கானில் கீறல் இருக்கிறது, வேறு ராடு கேளுங்கள். இரண்டு துண்டையும் செருகினால் இணைப்பில் ஒரு சின்ன இடைவெளி மிஞ்ச வேண்டும். முழுசாக இறங்கி முட்டி நின்றால் அந்த இணைப்பு சீக்கிரம் ஆட ஆரம்பிக்கும்.

ரீல் பெட்டியில் டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடிப்பு) 12 கிலோ என்று அச்சடித்திருக்கும். அதைப் படித்து ஒன்றும் ஆகாது; மொட்டை மாடியில் சோதித்துப் பார்க்கலாம். நரம்பு நுனியில் ஒரு வாளியைக் கட்டி, வாளியோடு சேர்த்து 3 கிலோ வரும்படி தண்ணீர் ஊற்றுங்கள். ராடின் நுனியை நேராகக் கீழே காட்டி வாளியைத் தொங்கவிட்டு, டிராக்கை மெதுவாகத் தளர்த்துங்கள். வாளி வழுக்கியது போல ஒரே சீராக இறங்கினால் நல்ல ரீல். திக்கித் திக்கி இறங்கினால் உள்ளே இருக்கும் ஃபெல்ட் வாஷர் காய்ந்திருக்கிறது. டிராக்குக்கான கிரீஸை அதில் மெல்லத் தடவலாம், அல்லது கார்பன் வாஷர் போடலாம். ஆனால் கைப்பிடி பின்னால் சுழலாமல் தடுக்கும் உருளை பேரிங்கில் கிரீஸ் படவே கூடாது. பட்டால் மீன் இழுக்கிற நேரத்தில் வழுக்கிவிடும். 10 கிலோ தாங்கும் நரம்புக்கு 2.5 முதல் 3 கிலோ டிராக் போதும்.

கூட வரும் நரம்பைக் கழற்றிவிடுங்கள். வெயில் படும் ஷோகேஸில் கிடந்த நைலான் சுருள் சுருளாக நிற்கும், முடிச்சில் பட்டென்று போகும். 8 இழை பிரெய்டு (பின்னிய நரம்பு), பிஇ 3 (பிஇ என்பது பிரெய்டின் தடிமனைச் சொல்லும் எண்), சுமார் 250 மீட்டர் ஏற்றுங்கள். முதலில் சில மீட்டர் நைலான் சுற்றிவிட்டு அதன் மேல் பிரெய்டு. இல்லையென்றால் ஸ்பூலில் மொத்தமாக வழுக்கிச் சுற்றும். ஸ்பூல் விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் கீழே நிறுத்துங்கள். பாறை உரசலைப் பிரெய்டு தாங்காது என்பதால் முன்னால் 0.70 மில்லிமீட்டர் நைலான் லீடர் (முள்ளுக்கு முன் கட்டும் தடித்த நரம்பு) 2 மீட்டராவது வேண்டும்.

பாக்கெட்டில் இருக்கும் முள் மெல்லிசு. கலவா மீன் பாறை இடுக்குக்குள் புகுந்து இழுத்தால் நிமிர்ந்துவிடும். தடித்த கம்பியில் செய்த 3/0, 4/0 சைஸ் முள் தனியாக வாங்குங்கள். ஈயக்குண்டு உருண்டு இடுக்கில் போய்ச் சிக்கும். அதற்குப் பதில் டூவீலர் மெக்கானிக்கிடம் பழைய ஸ்பார்க் பிளக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். முள்ளைத் தடித்த லீடரிலும், பிளக்கை ஒரு அடி மெல்லிய நரம்பிலும் கட்டினால், சிக்கும்போது பிளக் மட்டும் அறுந்து முள்ளும் மீனும் கைக்கு வரும். இப்படிக் கட்டியதை வெடுக்கென்று வீசினால் பிளக் காற்றிலேயே பறந்துவிடும்; நிதானமாக வீச வேண்டும்.

செட்டில் மீனை ஏற்றும் சாமான் எதுவும் இல்லை. பாறையில் நின்று பாறை மீன் பிடிப்பவர்களுக்கு ராடு ஒடிவது பெரும்பாலும் இங்கேதான். கீழே 3 கிலோ மீன் கிடக்க, ராடைச் செங்குத்துக்கு மேல் பின்னால் சாய்த்துத் தூக்கினால் பாரம் முழுவதும் நுனிப் பகுதியில் விழும். ஏறும் அலையோடு மீனை மேலே வரவிட்டு, அது பாறைத் தட்டில் தங்கியதும் உலர்ந்த இடத்தில் நின்றபடியே லீடரைப் பிடித்து இழுங்கள். கயிற்றில் இறக்கும் வளைய வலை இருந்தால் இன்னும் நல்லது.

ராடுக்கு முன்னால் லைஃப் ஜாக்கெட்டுக்கும் பிடிமானமுள்ள ஷூவுக்கும் பணம் ஒதுக்குங்கள். ரப்பர் செருப்பு பாசியில் நிற்காது. பாறை ஈரமாக இருந்தால் அலை அங்கே ஏறியிருக்கிறது என்று அர்த்தம்; போனதும் 20 நிமிடம் கடலைப் பார்த்துவிட்டு, உலர்ந்த இடத்தில் மட்டும் நில்லுங்கள். தென்மேற்குப் பருவக் காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கமே வேண்டாம். காற்றே இல்லாத நாளிலும் தொலைதூரக் கடலிலிருந்து வரும் கள்ளக்கடல் என்னும் அலை திடீரென ஏறும். 2024 மே 6 அன்று அதே மாவட்டத்து லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனபோது கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தது. ஐதராபாத்தின் இன்காய்ஸ் (கடல் தகவல் சேவை) மையம் வெளியிடும் எச்சரிக்கையைக் கிளம்பும் முன் பாருங்கள். இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

கழற்றினால் ராடு 5 அடிக்குச் சற்று மேல் வரும். 3 அங்குல பிவிசி பைப்பில் போட்டு இரு பக்கமும் மூடினால் நாகர்கோவில் ரயிலில் மேல் பெர்த்தில் வைத்துவிடலாம். திரும்பியதும் டிராக்கை இறுக்கிவிட்டு ரீலை மெல்லிய ஓட்டத்தில் கழுவுங்கள், பிறகு டிராக்கைத் தளர்த்தி நிழலில் உலர்த்துங்கள். உப்புப் போர் தண்ணீர் ஆகாது, நல்ல தண்ணீர்தான் வேண்டும். ரீலில் முதலில் இறுகுவது நரம்பு ஓடும் சின்ன உருளை. அது சுழலாமல் நின்றால் நரம்பு முறுக்கேறிவிடும். ஒவ்வொரு முறையும் விரலால் சுழற்றிப் பார்த்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். வாஷரும் பெயில் (ரீலில் நரம்பைப் பிடித்துச் சுற்றும் வளைந்த கம்பி) ஸ்பிரிங்கும் பின்னால் கிடைக்குமா என்று பில் போடும் முன்பே கேட்டு, ரீலின் மாடல் எண்ணையும் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.