உப்புக் காற்றில் துருவேறிய சிடி 100: மூன்று மழைக்காலங்களுக்குப் பிறகு

கடலோர மரக்காணத்தை ஒட்டிய எங்கள் ஊரில், பெரியப்பா வீட்டு மாட்டுக்கொட்டகையின் ஓரமாக ஆறு ஆண்டுகள் சார்த்தியே கிடந்த 1996ஆம் ஆண்டு ஹீரோ ஹோண்டா சிடி 100 வண்டியை, 2022 மார்ச் மாதம் ஒரு குட்டியானையில் ஏற்றித் தாம்பரத்துக்குக் கொண்டுவந்தேன். ஆகஸ்ட் மாதம் அது சாலையில் ஓடத் தொடங்கியது. அன்று முதல் நாள்தோறும் வேலைக்குப் போய்வர 18 கிலோமீட்டர், அவ்வப்போது ஊருக்கு ஒரு பயணம் என்று இதுவரை 17,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கிறது. புதுப்பித்த சூட்டோடு எழுதியிருந்தால் வண்ணத்தையும் பளபளப்பையும் பற்றித்தான் எழுதியிருப்பேன். மூன்று மழைக்காலங்களைக் கடந்த பிறகு எழுதுவதால், போட்ட பணத்தில் எது நிலைத்தது, எந்தச் சிக்கனம் பின்னால் செலவு வைத்தது என்பதை அனுபவத்திலிருந்தே சொல்ல முடிகிறது.

என்னிடம் இருந்தது 20,000 ரூபாய். பழைய வண்டியைப் புதுப்பிக்க நினைக்கும் பலரும் யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியைத்தான் மனத்தில் வைத்திருப்பார்கள். அந்த வண்டியின் மீதான மோகத்தால் அதன் அசல் உதிரி பாகங்களின் விலையும் ஏறிப்போயிருக்கிறது. சிடி 100 அப்படியல்ல. 1985இல் இந்தியச் சந்தைக்கு வந்த அதன் 97.2 சிசி நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் குடும்பம்தான் 1994இல் வந்த ஸ்ப்ளெண்டரிலும் தொடர்ந்தது. ஆகவே பிஸ்டன், ரிங், கேஸ்கெட், கிளட்ச் பிளேட் போன்றவற்றை எந்தச் சிற்றூர்க் கடையிலும் வாங்கலாம். கையில் பணம் குறைவாக இருப்பவர் வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதிச் செலவு தீர்மானமாகிவிடுகிறது என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். பெரியப்பாவின் வண்டி என்ற பாசம் எனக்கு இருந்தது உண்மை. ஆனால் உதிரி பாகம் கிடைக்காத வண்டியாக இருந்திருந்தால் அந்தப் பாசத்தால் மட்டும் அதை ஓடவைத்திருக்க முடியாது.

வண்டியில் கை வைப்பதற்கு முன் பார்க்க வேண்டியது ஆர்.சி. புத்தகத்தையும் சேஸ் எண்ணையும். ஸ்டியரிங் கழுத்தில் பொறித்திருந்த எண் முழுவதும் துருவுக்குள் மறைந்திருந்தது. அந்த இடத்தில் கிரைண்டரையோ முரட்டு உப்புத்தாளையோ வைத்தால் எண்ணே தேய்ந்துபோய், மோட்டார் வாகன ஆய்வாளர் முன் வண்டியை நிறுத்த முடியாத நிலை வந்துவிடும். மண்ணெண்ணெய் நனைத்த துணியை ஒரு நாள் முழுவதும் சுற்றிவைத்து, மறுநாள் பித்தளைக் கம்பித் தூரிகையால் மெல்லத் தேய்த்தேன். பிறகு ஒரு தாளை மேலே வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தபோது, ஒவ்வோர் எழுத்தாக வெள்ளையாக எழும்பி வந்ததைப் பார்த்த பின்புதான் முதல் ரூபாயைச் செலவழித்தேன்.

அடுத்து சட்டகம். உப்புக் காற்றில் கிடந்த இரும்பில் மேலே தெரியும் துருவைவிட, சேறு தங்கிய மூலைகளில் இருக்கும் துருதான் ஆபத்தானது. சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்ப்பதுபோல ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் சட்டகம் முழுவதையும் தட்டிப் பார்த்தேன். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே அரித்த இடம் மொத்தென்று சத்தம் தரும். பேட்டரித் தட்டும், நடு ஸ்டாண்டு மாட்டும் இடத்தின் ஓரமும் மொத்தென்று ஒலித்தன. இரண்டையும் வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தோம். முதன்மைக் குழாய்களில் அந்தச் சத்தம் வந்திருந்தால் வண்டியை எடைக்குப் போட்டிருப்பேன்.

போல்ட்டுகளைக் கழற்றுவதற்கே நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. டீசலும் பழைய எஞ்சின் ஆயிலும் சமமாகக் கலந்து, ஒவ்வொரு போல்ட்டிலும் மாலையில் ஊற்றிவைத்து மறுநாள் முயன்றேன். எஞ்சின் கவர் திருகுகள் ஜப்பானிய வகை. சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரைப் போட்டால் தலை வழுக்கித் தேய்ந்துவிடும். சுத்தியலால் அடிக்க அடிக்கத் திரும்பும் இம்பாக்ட் ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை வாங்கினேன். இந்த வேலைக்காக வாங்கிய கருவிகளில் அதற்குக் கொடுத்த பணம்தான் முழுமையாகப் பயன் தந்தது. அப்படியும் சைலன்சரைப் பிடித்திருந்த 6 மி.மீ. ஸ்டட் (தலையில்லாத போல்ட்) ஒன்று எஞ்சின் ஹெட்டுக்குள்ளேயே முறிந்தது. அலுமினியத்துக்குள் முறிந்த இரும்பை வீட்டில் தோண்டாமல் லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே துளையிட்டு, புது மரையாகப் பயன்படும் ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருளை வைத்துத் தந்தார்கள். அந்த மரை இன்றுவரை அசையவில்லை.

இனி பெட்ரோல் டேங்க். மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் உள்ளே நெல் உமியைக் கொட்டிவைத்ததுபோல் துருச் செதில்கள் குவிந்திருந்தன. சைக்கிள் செயின் ஒன்றை உள்ளே போட்டு, கொஞ்சம் தண்ணீரும் ஊற்றி, கை ஓயும்வரை குலுக்கிக் கொட்டினேன். பிறகு மளிகைக் கடையில் விற்கும் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) ஒரு கிலோவைச் சுடுநீரில் கரைத்து டேங்க் நிறைய ஊற்றி இரண்டு நாள் விட்டேன். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அமிலம் செய்யும் வேலை புதிதல்ல, இதுவும் அதேதான். அமிலத்தைக் கொட்டியதும் சமையல் சோடா கரைத்த நீரால் அலசி, உடனே உலர்த்தி, எண்ணெய் பூசிவிட வேண்டும். ஈரத்தோடு ஒரு மணி நேரம் விட்டாலும், வெளுத்த இரும்பின்மேல் செம்மண் நிறத்தில் புதுத்துரு படர்ந்துவிடுகிறது. எனக்கு முதல் முறை அப்படித்தான் ஆயிற்று. திரும்பவும் முதலிலிருந்து செய்தேன்.

துரு போன பிறகுதான் உண்மை நிலை தெரிந்தது. அடிப்பக்க மடிப்பில் இரண்டு ஊசித்துளைகள். அதுவரை துருவே அவற்றை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. ரேடியேட்டர் வேலை செய்யும் பெரியவர் ஒருவர், டேங்கைத் தண்ணீரால் நிரப்பி ஆவி தங்க இடமில்லாமல் செய்து, துளைப்பக்கம் மட்டும் மேலே காய்ந்திருக்கும்படி சாய்த்துவைத்துப் பித்தளை வைத்து ஒட்டித் தந்தார். "தம்பி, காலியா இருக்குன்னு நினைச்சு டேங்க்ல நெருப்பு வைக்கக் கூடாது, காலி டேங்க்தான் வெடிக்கும்" என்று அவர் சொன்னதைப் படிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எஞ்சின் இறுகியிருந்தது. சிலிண்டரைக் கழற்றிப் பார்த்ததில் சுவரில் துருப்புள்ளிகள். உட்சுவரைக் கடைந்து (ரீபோர்) 0.25 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டோம். வால்வ் சீட்டைத் தேய்த்து, ஆயில் சீல்கள் அனைத்தையும் மாற்றினோம். இந்த எஞ்சினில் காகித ஆயில் ஃபில்டர் கிடையாது; சுழற்சியில் கசடை ஓரத்துக்குத் தள்ளும் ஒரு கிண்ணமும் ஒரு சல்லடையும்தான் உண்டு. அந்தக் கிண்ணத்துக்குள் கருமையான கசடு மெழுகுபோல் படிந்திருந்தது. பல மெக்கானிக்குகள் ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு இதைத் திறக்காமல் விடுகிறார்கள். எஞ்சினைப் பிரிக்கும் நாளில் அருகிலேயே நின்று, இதைத் திறந்து துடைக்கச் சொல்ல வேண்டும்.

சென்னையில் பழைய வாகன உதிரி பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்கு மூன்று முறை போனேன். முன் ரிம், மட்கார்டு ஸ்டே, ஹெட்லைட் கூடு ஆகியவற்றைப் பழையதாகவே வாங்கினேன். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் பிரேக் ஷூ, பேரிங், கோன் செட் ஆகியவற்றைப் புதிதாக வாங்கினேன். நான் வகுத்துக்கொண்ட விதி எளிமையானது: தேய்வதும் நிறுத்துவதும் தரமான புதிது, தாங்கி நிற்பது பழையது. அந்த விதியை நான் ஓர் இடத்தில் மீறினேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆக மொத்தம் 22,700 ரூபாய் ஆயிற்று. எஞ்சினுக்கு 6,800, டயர், ரிம், பிரேக் உள்ளிட்ட சக்கர வேலைக்கு 5,000, வயரிங்குக்கும் பேட்டரிக்கும் 2,600, துரு நீக்கவும் வண்ணம் பூசவும் 1,900 ரூபாய். சைலன்சர், கார்புரேட்டர், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் ஆகியவற்றின் வேலைகள் சேர்ந்து 3,800. மீதி 2,600 ரூபாய் ஆவணங்களுக்கு. 15 ஆண்டு கடந்த இருசக்கர வாகனத்தின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்திருந்தது. மூன்றாம் நபர் காப்பீடு வரி நீங்கலாக 714 ரூபாய். 2025 ஆகஸ்ட் முதல் 20 ஆண்டு கடந்த இருசக்கர வாகனங்களுக்கு இந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 2,000 ரூபாய். ஆகவே இப்போது தொடங்குபவர்கள் இதைக் கணக்கின் முதல் வரியிலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

இனி மூன்றாண்டு அனுபவம். துருவை முழுமையாகச் சுரண்டாமல், தளர்ந்த செதில்களை மட்டும் கம்பித் தூரிகையால் நீக்கி, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றியைப் பூசிக் கறுத்த பிறகு, ரெட் ஆக்சைடு பிரைமரும் கறுப்பு எனாமலும் தூரிகையால் அடித்தேன். சட்டகத்தில் இது நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக நிற்கிறது. வெல்டிங் செய்த ஓரங்களில் மட்டும் ஆண்டுக்கு ஒரு முறை தொட்டுப் பூச வேண்டியிருக்கிறது. ஆனால் அதே எனாமலை டேங்குக்கும் பூசியது தவறு. எனாமல் பெட்ரோலைத் தாங்காது. பங்க்கில் சிந்திய சொட்டுகள் வழிந்த இடமெல்லாம் ஆறே மாதத்தில் மூடியைச் சுற்றித் தோல் சுருங்கியதுபோல் எழும்பி, விரலால் தொட்டாலே பிசுபிசுவென்று வந்தது. பிறகு 1,200 ரூபாய் கொடுத்து ஹார்டனர் கலந்த பியு (பாலியூரித்தேன்) வண்ணம் அடித்தேன். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. முதலிலேயே டேங்குக்கு மட்டும் அதைச் செய்திருந்தால் ஒரு செலவோடு போயிருக்கும்.

விதியை மீறிய இடம், எஞ்சினுக்குள் வால்வுகளை இயக்க உதவும் டைமிங் செயின். எஞ்சின் செலவு கையை மீறிப் போகிறதே என்ற பதற்றத்தில், பாதி விலையில் கிடைத்த பெயர் தெரியாத செயினைப் போடச் சம்மதித்தேன். ஏறத்தாழ 6,000 கிலோமீட்டரில், காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஹெட் பக்கத்திலிருந்து கலகலவென்ற ஓசை வரத் தொடங்கியது. டென்ஷனரைச் சரிசெய்தும் அடங்கவில்லை. செயினையும் டென்ஷனர் ரோலரையும் தரமானதாக மாற்ற, கூலியோடு 1,450 ரூபாய் ஆயிற்று. கேபிள்களிலும் அப்படியே: விலை குறைந்த கிளட்ச் கேபிள் பதினான்கு மாதத்தில், ஜி.எஸ்.டி. சாலை நெரிசலின் நடுவில் அறுந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் தண்ணீர் சக்கர அச்சு உயரத்துக்கு ஒரு நாளுக்கும் மேலாக நின்றது. வடிந்ததும் வண்டியை உதைக்கவில்லை. ஆயிலை இறக்கி, தண்ணீர் கலந்து வெளுத்திருக்கிறதா என்று பார்த்தேன், வெளுக்கவில்லை. பிரேக் டிரம்களைத் திறந்து உலர்த்தி, அச்சுகளுக்கும் கேம்களுக்கும் புதுக் கிரீஸ் வைத்தேன். முழுக்க மூடிய செயின் கவர் இருந்ததால் பின்சக்கரச் செயினுக்குள் சேறு போகவில்லை. சிடி 100 வடிவமைப்பில் நான் மிகவும் மதிக்கும் பகுதி அந்தக் கவர்தான். மூன்றாவது உதையில் எஞ்சின் எழுந்தது. பெரியப்பாவிடம் போனில் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பவே தெரியும்டா, அது விடாதுன்னு" என்றார்.

மைலேஜ் முதல் ஆண்டு லிட்டருக்கு 60 கிலோமீட்டரை ஒட்டி இருந்தது. இப்போது 55, 56 வருகிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் பங்க்குகளில் கிடைக்கிறது; எத்தனாலில் ஆற்றல் குறைவு என்பதோடு அது ஈரத்தையும் இழுக்கும். துருவிலிருந்து மீட்ட டேங்குக்கு இது கவலை தரும் செய்தி. கடந்த ஆண்டு டேங்க் காக்கின் (பெட்ரோல் திறப்பானின்) ரப்பர் வாஷர் உப்பிக் கசிந்தது. அதையும் பெட்ரோல் குழாயையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றினேன். இப்போது டேங்கைப் பாதி காலியாக வைத்து நாள்கணக்கில் நிறுத்துவதில்லை; ஊருக்குப் போகும் வாரங்களில் நிரப்பிவிட்டே போகிறேன். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கார்புரேட்டர் கிண்ணத்தின் வடிகால் திருகைத் திறந்து, ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்க்கிறேன். அடியில் தண்ணீர்த் துளிகளோ செந்நிறத் தூளோ தெரிந்தால் டேங்கை இறக்க வேண்டும் என்று பொருள். இதுவரை ஒரு முறை மட்டும் தூள் தெரிந்தது.

மீதமிருப்பது முன் ஃபோர்க். குழாய்களின் குரோம் பூச்சில் உப்பு அரித்த குழிகள் இருந்ததைத் தெரிந்தே, பணம் இல்லாததால் சீலை மட்டும் மாற்றினேன். அந்தக் குழிகள் சீலின் உதட்டைக் கிழிக்கின்றன; இதுவரை இரண்டு ஜோடி சீல்கள் போய்விட்டன, இடது பக்கம் மறுபடியும் எண்ணெய் படிகிறது. வடகிழக்குப் பருவமழை வலுக்கும் முன் குழாய்கள் இரண்டையும் புதிதாகவே வாங்கிப் போட 2,000 ரூபாய் எடுத்துவைத்திருக்கிறேன்.