வேளச்சேரி தரைத்தள வீடும் ஒன்பது வருட இன்சூரன்சும்

2015 டிசம்பரில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது என்னிடம் வீட்டு இன்சூரன்ஸ் இருந்தது. ஆனால் அது இருந்ததே வெள்ளம் வடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கடன் வாங்கும்போது பேங்கில் நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்துப் போட்டிருந்தேன். அதில் ஒன்று பாலிசி. பிரீமியத்தையும் கடனோடு சேர்த்துவிட்டதால் அதற்கும் வட்டி கட்டிக்கொண்டிருந்தேன். எடுத்துப் படித்தால், கட்டடத்துக்கு மட்டும் என்று போட்டிருந்தது. சுவர் அசையாமல் நின்றது. போனது ஃப்ரிட்ஜ், பீரோ, மெத்தை, மகளின் புத்தகங்கள். ஒரு பைசா வரவில்லை.

2016-ல் தெரிந்த ஏஜென்ட் ஒருவரிடம் தனியாக ஒரு பாலிசி எடுத்தேன். அங்கே இரண்டு கூத்து. முதலாவது, வீட்டின் விலை 60 லட்சம் என்று சொல்லி அதே தொகைக்கு எடுத்துவிட்டேன். அடுக்குமாடி வீட்டின் விலையில் பெரும்பங்கு நிலத்துக்கானது. நிலத்தை எந்த வெள்ளமும் கொண்டுபோவதில்லை. திரும்பக் கட்ட என்ன செலவாகுமோ அதற்கு எடுத்தால் போதும். ஐந்து வருடம் அதிகமாகக் கட்டினேன். இரண்டாவது, பிரீமியத்தைக் குறைக்க "புயல், வெள்ளம் பகுதியை எடுத்துடலாமா சார்?" என்று கேட்டார். அப்போதிருந்த தீ விபத்து பாலிசியில் அப்படி நீக்க வழி இருந்தது. வேளச்சேரியில், அதுவும் 2015 முடிந்த மறு வருடம் இந்தக் கேள்வி! நல்லவேளை, மறுத்துவிட்டேன்.

2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் க்ருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டு பாலிசியை எல்லா ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் விற்க வேண்டும் என்று, இன்சூரன்ஸ் துறையைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ கொண்டுவந்தது. இதில் கணக்கு எளிது. வீட்டின் உள்பரப்பை (கார்பெட் ஏரியா) சதுர மீட்டருக்கான கட்டுமானச் செலவால் பெருக்க வேண்டும். எனக்கு 80 சதுர மீட்டர், 26,000 ரூபாய் வீதம் 20.8 லட்சம். வீட்டுச் சாமான்களுக்கு அதில் 20 சதவீதம், அதாவது 4.16 லட்சம், தானாகவே சேர்ந்துவிடும். இந்தத் தானாகச் சேரும் தொகைக்கு உச்சவரம்பு 10 லட்சம். அதற்கு மேல் வேண்டுமானால் பட்டியல் கொடுத்துக் கூட்டிக்கொள்ளலாம். தொகையைக் குறைத்துப் போட்டுவிட்டாய் என்று க்ளெய்மில் வெட்டும் பழைய வழக்கமும் இதில் இல்லை. நகைக்குத் தனி கவர் உண்டு; எங்கள் வீட்டு நகை லாக்கரில் இருப்பதால் எடுக்கவில்லை. கார் இதில் வராது, அதற்கு அதன் பாலிசிதான்.

எல்லாக் கம்பெனியிலும் ஒரே வாசகம்தானே என்று ஆன்லைனில் மிகக் குறைந்த விலை சொன்ன கம்பெனியைப் பிடித்தேன். அடுத்தவரைவிட வருடத்துக்கு 300 ரூபாய் குறைவு. அந்த 300 ரூபாய்க்கான பதில் 2023 டிசம்பரில் கிடைத்தது.

மிக்ஜாம் புயல் மழையில் இரண்டரை அடி தண்ணீர். மூன்று நாள் கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. நான்காம் நாள் அண்ணா நகரில் மைத்துனர் வீட்டிலிருந்து க்ளெய்ம் பதிவு செய்தேன். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்தது ஒன்பதாம் நாள். அதற்குள் மெத்தையும் சோபாவும் நாறியதால் கார்ப்பரேஷன் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டோம். என் பெரிய தவறு அதுதான். "பொருள் எங்கே சார்?" என்றார். மனைவி எடுத்த வாட்ஸ்அப் வீடியோ இல்லாவிட்டால் அந்த வரியையே அடித்திருப்பார்.

அடுத்த கேள்வி இன்னும் நுட்பமானது. "வாஷிங் மெஷின் தண்ணியில மூழ்கிப் போச்சா, கரண்ட் வந்து ஆன் பண்ணப்புறம் போச்சா?" ஷார்ட் சர்க்யூட்டால் ஒரு மின்சாதனம் கெட்டால், அந்தச் சாதனத்துக்குப் பாலிசியில் பணம் கிடையாது. நான் எதையும் ஆன் செய்யவில்லை, தப்பித்தேன்.

சுவரோடு அடித்த பிளைவுட் அலமாரிகள் கட்டடமா, சாமானா என்பதில் இரண்டு வாரம் மெயில் ஓடியது. சுவரில் நிரந்தரமாகப் பொருத்தியது கட்டடத்தோடு சேரும் என்று பாலிசி வாசகத்தையே எடுத்து அனுப்பினேன். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். கேட்டது 3.12 லட்சம். கெட்ட பொருளை விற்றால் கிடைக்கும் உடைசல் மதிப்பு, பில் இல்லாதவை எல்லாம் கழித்து வந்தது 2.37 லட்சம். தொகையில் எனக்கு வருத்தமில்லை. 74 நாள் ஆனதுதான் வயிற்றெரிச்சல். நடுவில் மூன்று சர்வே பேப்பர் 'காணாமல்' போயின. ஒவ்வொரு போனிலும் புதுக் குரல், முதலிலிருந்து கதை.

எதிர் வீட்டுக்காரருக்கும் அதே பாலிசி, அதே தண்ணீர். கம்பெனி மட்டும் வேறு. சர்வேயர் மூன்றாம் நாள் வந்தார், ஐந்து வாரத்தில் பணம் வந்துவிட்டது. அது அரசுக் கம்பெனியா தனியாரா என்று எல்லாரும் கேட்கிறார்கள். என் பார்வையில் விஷயம் அதுவல்ல. அவருக்குக் கிண்டியில் ஒரு கிளை இருந்தது, நேரில் போனால் ஃபைலை எடுத்துப் பார்க்கும் ஒரு ஆள் இருந்தார். எனக்கு ஆப் மட்டும் இருந்தது. 2024-ல் நானும் அவருடைய கம்பெனிக்கு மாறினேன். ஜிஎஸ்டியோடு ஏறக்குறைய 1,500 ரூபாய் ஆகிறது. பேங்க் சொல்லும் கம்பெனியிடம்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, அங்கே பாலிசி நகலை மட்டும் கொடுத்தேன்.

அந்த 74 நாளில் இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் ஓம்புட்ஸ்மனிடம் போகவும் தயாராகத்தான் இருந்தேன். கம்பெனிக்குப் புகார் எழுதி ஒரு மாதம் பதில் இல்லாவிட்டால் அங்கே போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரை தீர்ப்புச் சொல்வார்கள். சென்னை அலுவலகம் தேனாம்பேட்டையில் இருக்கிறது. மெயிலில் அந்தப் பெயரைக் குறிப்பிட்ட மறுநாளே கடைசிப் பேப்பர் கிடைத்துவிட்டது.

இப்போது வருடா வருடம் செப்டம்பர் முடிவில் ஒவ்வொரு அறையாக வீடியோ எடுத்து, பில்களோடு மகளின் மெயிலுக்கு அனுப்பிவிடுகிறோம். தீராத ஒன்று மட்டும் பாக்கி. 2023-ல் லிஃப்டும் சம்ப் மோட்டாரும் மூழ்கின. அவை எங்களில் யாருடைய பாலிசியிலும் இல்லை. வீட்டுக்கு 6,500 ரூபாய் போட்டுச் சரிசெய்தோம். அசோசியேஷன் பெயரில் பொதுவாக ஒரு பாலிசி எடுக்கலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். பன்னிரண்டு வீட்டில் ஏழு பேர் சரி என்கிறார்கள். மற்ற ஐந்து பேரும் இரண்டாவது, மூன்றாவது மாடி.