டிஃபெண்டர் வாங்குவோர் கவனத்திற்கு: கறுப்புப் பூச்சுக்கு அடியில் பாருங்கள்

பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் வாங்க எண்ணுபவர்கள், "இது அலுமினிய வண்டி, துருவே பிடிக்காது" என்று விற்பவர் சொன்னால் உடனே விழித்துக்கொள்ள வேண்டும். டீடி5 என்ற டீசல் எஞ்சின் பொருத்திய 110 மாடல் டிஃபெண்டர் ஒன்றை எனக்கு விற்ற வியாபாரி இப்படிச் சொல்லித்தான் ஏமாற்றினார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. போருக்குப் பிந்தைய பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு நிலவியதால், 1948இல் அறிமுகமான முதல் லேண்ட் ரோவரின் உடல் தகடுகள் அலுமினியக் கலவையில் செய்யப்பட்டன. 1983இல் காயில் ஸ்பிரிங்குடன் ஒன் டென் (110) வந்தபோதும், 1990இல் டிஃபெண்டர் என்ற பெயர் சூட்டப்பட்டபோதும், 2016 ஜனவரியில் அந்தப் பழைய வடிவத்தின் உற்பத்தி நிற்கும் வரையிலும் பெரும்பாலான தகடுகள் அலுமினியமாகவே இருந்தன. ஆனால் எடை முழுவதையும் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸும், எஞ்சினுக்கும் பயணிகளுக்கும் இடையிலுள்ள தடுப்பான, முன்கதவுகள் தொங்கும் பல்க்ஹெட்டும் எஃகு. சேசிஸ் உள்ளீடற்ற பெட்டி வடிவில் இருப்பதால் சேறும் நீரும் உள்ளே தங்கி, துரு உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வருகிறது. வெளியே தெரியும்போது உள்ளே பெரும்பகுதி போயிருக்கும்.

எனக்கு வந்த வண்டியின் அடிப்பகுதி முழுவதும் பளபளவென்று புதிய கறுப்புப் பூச்சு இருந்தது. பாதுகாப்புக்காக அடித்ததாகச் சொன்னார். பின்னர் வேறொரு மெக்கானிக் வண்டியை லிஃப்டில் ஏற்றிச் சுத்தியலால் தட்டியபோது, பின்பக்கக் குறுக்குச் சட்டத்திலிருந்து பூச்சோடு ஓட்டையை அடைக்கும் பட்டிப் பசையும் ஃபைபர் துணியும் பெயர்ந்து விழுந்தன. இழுவைக் கொக்கி மாட்டப்பட்டிருந்தது அந்தச் சட்டத்தில்தான்! அதை நம்பி யாராவது டிரெய்லர் இழுத்திருந்தால் உயிரே போயிருக்கும். இதைக் கவனக்குறைவு என்று என்னால் ஏற்க முடியாது. ஓட்டையைத் தெரிந்தே மூடியிருக்கிறார்கள்.

எஞ்சினிலும் இதே வேலைதான். டீடி5இல் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்கான வயரிங் வால்வு மூடிக்குள் எண்ணெயில் நனைந்தபடி செல்கிறது. காலப்போக்கில் எண்ணெய் கம்பிகளின் வழியே ஊறி, இருக்கைக்கு அடியிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவியின் சிவப்பு பிளக் வரை வந்துவிடும். எஞ்சின் விட்டுவிட்டு ஓடத் தொடங்கும். வயரிங்கை மாற்றுவதே இதற்குத் தீர்வு, அது பெரிய வேலையும் அல்ல. அவர்களோ பிளக்கை மட்டும் துடைத்து ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். சில வாரங்களில் குறை திரும்பியது.

கேட்டதற்கு, உள்ளது உள்ளபடி விற்றதாகப் பதில் வந்தது. ஆகவே வாங்கும் முன் வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். பின் குறுக்குச் சட்டத்தையும், சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் தாங்கிகளையும், பல்க்ஹெட்டின் கால்வைக்கும் பகுதியையும் தட்டிப் பாருங்கள். சிவப்பு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். சேசிஸில் வெல்டிங் செய்திருந்தால் எங்கே, எப்போது என்று எழுத்தில் கேளுங்கள். தட்டிப் பார்க்க அனுமதிக்காதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.