குவாதலூப் விடுமுறை வீட்டுக்கென்று 2,640 யூரோவைப் பறிகொடுத்தோம்: பெப்ரவரிக்கு வீடு தேடுபவர்கள் வாசியுங்கள்

கரீபியன் கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பில் பத்து இரவுகள் தங்குவதற்கு ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துவிட்டோம் என்று நம்பி, 2,640 யூரோவை ஒரு மோசடிக்காரனுக்கு அனுப்பிவிட்டு, டிசம்பர் 21ஆம் திகதி இருட்டும் நேரத்தில் எட்டுப் பேராக ஒரு கரும்புத் தோட்டத்தின் ஓரத்தில் நின்றோம். பாரிசுக்குத் திரும்பி வந்து நான்கு நாட்கள்தான் ஆகின்றன. பெப்ரவரிப் பள்ளி விடுமுறைக்கு அங்கே போக நினைக்கும் நம்மவர்கள் வீடு தேடுவது இந்த நாட்களில்தான் என்பதால், கோபம் தணியும்வரை காத்திராமல் இதை இப்போதே எழுதுகிறேன்.

இந்தப் பயணம் அம்மாவின் ஆசை. அவருக்கு 71 வயது. இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் 1854 டிசம்பரில் குவாதலூப்பில் கரை சேர்ந்தது என்பதையும், அப்படிப் போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள் என்பதையும், அவர்களுடைய வழித்தோன்றல்கள் மொழியை இழந்த பிறகும் மாரியம்மனை ‘மாலியெமன்’ என்ற பெயரில் இன்றும் கும்பிடுகிறார்கள் என்பதையும் எங்கோ கேட்டறிந்த நாளிலிருந்து, கபெஸ்தேரில் உள்ள கோவிலில் ஒரு முறை கற்பூரம் கொளுத்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிரெஞ்சு மண் என்பதால் அடையாள அட்டை போதும், காசு மாற்றத் தேவையில்லை, டிசம்பர் முதல் மே வரை அங்கே மழை குறைந்த காலம் என்று எல்லாமே தோதாக இருந்தது. நானும் என் கணவரும் பிள்ளைகள் இருவரும், தங்கையின் குடும்பத்தில் மூன்று பேரும், அம்மாவுமாக எட்டுப் பேருக்கு ஓர்லியிலிருந்து விமானச் சீட்டுகளை ஓகஸ்டிலேயே வாங்கிவிட்டோம். நத்தார் விடுமுறையில் எட்டுப் பேருக்கு விடுதி அறைகள் எடுப்பதென்றால் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே வீடு தேடினோம்.

வீட்டு வாடகை முதல் பழைய கார், பழைய தளபாடம் வரை எல்லாவற்றுக்கும் விளம்பரம் போடும் ஒரு பெரிய இணையத்தளத்தில் அந்த வீட்டைக் கண்டேன். பாரிசில் இருக்கும் நம் வீடுகளில் பாதிக்குக் கதிரையும் கட்டிலும் வந்த மாதிரியான தளம்தான். தீவின் கிழக்குப் பாதியான கிராந்த்-தேரில், அத்திலாந்திக் கரையிலுள்ள லு மூல் என்ற ஊரில் வீடு. நான்கு அறைகள், நீல நிற இரும்புப் படலை, முன்றிலில் ஓர் ஊஞ்சல். சூரியன் கடலில் இறங்கும் மாலை நேரத்தில் அந்த முன்றிலிலிருந்து எடுத்த படம்தான் எங்கள் எல்லோருக்கும் பிடித்துப்போனது. என் மகள் அதைத் தன் தொலைபேசித் திரையில் போட்டு வைத்திருந்தாள். ஓர் இரவுக்கு 240 யூரோ, பத்து இரவுகளுக்கு 2,400, துப்புரவுக்கும் படுக்கை விரிப்புகளுக்கும் 240, மொத்தம் 2,640 யூரோ. நம்ப முடியாத மலிவு என்று சொல்ல முடியாது. அதே ஊரில் பார்த்த மற்ற வீடுகளைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

தளத்தின் வழியாகவே செய்தி அனுப்பினேன். வீட்டுச் சொந்தக்காரன் என்று சொல்லிக்கொண்டவன் இரண்டாவது பதிலிலேயே, தளம் தன்னிடம் அதிகக் கழிவு பிடிக்கிறது என்று சொல்லி, வாட்சப் இலக்கம் கொடுத்தான். அந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். நிற்காததற்குக் காரணம் அவன் பேசிய விதம். தீவில் சில இடங்களில் குழாய் நீர் முறை வைத்து நிறுத்தப்படுவது உண்மை. அதை நாங்கள் கேட்காமல் அவனே சொல்லி, வீட்டில் தண்ணீர்த் தாங்கி இருப்பதால் எங்களுக்குச் சிரமம் இருக்காது என்றான். அத்திலாந்திக் கரைகளில் சர்காசம் கடற்பாசி ஒதுங்கி நாறும் என்று கேள்விப்பட்டதைச் சொன்னபோது, குளிர்காலத்தில் அது குறைவு, வந்தால் தெற்குக் கரைக்குப் போகலாம் என்று பொறுமையாக விளக்கினான். குறையையும் சேர்த்துச் சொல்கிறவன் ஏமாற்ற மாட்டான் என்று நானாக ஒரு முடிவுக்கு வந்தேன்.

செப்டம்பர் கடைசியில், முற்பணம் அனுப்புவதற்கு முதல் நாள், அவனோடு தொலைபேசியில் பேசினேன். வயதான அம்மாவும் வருகிறார், கோவிலுக்குப் போவதற்காகத்தான் வருகிறோம் என்று சொன்னேன். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, தன்னுடைய பாட்டியும் இந்திய வம்சத்தவர், மாலியெமனைக் கும்பிட்டவர், தான் சிறுவனாக இருந்தபோது கோவிலில் வாழையிலையில் சாப்பிட்டது இன்னும் நினைவிருக்கிறது என்றான். நம் பெயர் ஒன்று பிரெஞ்சு நாவில் தேய்ந்தது போன்ற ஒரு குடும்பப் பெயரையும் சொன்னான். ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அம்மா கண் கலங்கிவிட்டார். “எங்கட ஆக்கள் எண்டால் பிறகென்ன பிள்ளை யோசிக்கிறாய்?” என்றார். மறுநாள் காலையில் 30 சதவீத முற்பணமாக 792 யூரோவை அனுப்பினேன். கோவில் வீட்டிலிருந்து பத்து நிமிடம், நானே அம்மாவைக் காரில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றும் அன்று சொன்னான். கபெஸ்தேர் இருப்பது தீவின் மறுபாதியான பாஸ்-தேரில். லு மூலிலிருந்து குறுக்கே வந்து, இரண்டு பாதிகளையும் பிரிக்கும் உப்பாற்றைப் பாலத்தில் கடந்து, தெற்கே இறங்க வேண்டும். ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுக்கும் வழி அது. அந்தத் தீவில் பிறந்தவன் அதைப் பத்து நிமிடம் என்று சொல்லவே மாட்டான். நான் வரைபடத்தைத் திறந்து பார்க்கவில்லை.

மீதி 1,848 யூரோவை நவம்பர் கடைசியில் அனுப்பினேன். 2025 ஒக்டோபர் 9ஆம் திகதியிலிருந்து யூரோ வலய நாடுகளின் வங்கிகள் எல்லாம், காசு அனுப்பும்போது பெறுபவரின் பெயரும் கணக்கு இலக்கமும் பொருந்துகின்றனவா என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது புதிய விதி. என் வங்கியின் செயலியிலும் செம்மஞ்சள் நிறப் பெட்டி ஒன்று வந்தது. பெயர் பொருந்தவில்லை, பணம் வேறொருவருக்குப் போகக்கூடும் என்று அதில் எழுதியிருந்தது. நான் அதைப் படம் பிடித்து அவனுக்கே அனுப்பினேன். திருடனிடமே கேட்டேன் என்று இப்போது நினைக்கும்போது கை நடுங்குகிறது. இது புதிய விதி, எல்லா வாடிக்கையாளர்களுக்கும் இப்படித்தான் வருகிறது, கணக்கு என் பெயரில் இல்லை, வீட்டைப் பராமரிக்கும் நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது என்று ஒரு நிமிடத்துக்குள் பதில் வந்தது. நான் ‘தொடர்க’ என்பதை அழுத்தினேன். அவன் அனுப்பிய ரிப், அதாவது கணக்கு விவரத்தாளில், இலக்கம் எஃப்ஆர் என்ற எழுத்துகளோடு தொடங்கவேயில்லை. பிரான்சில் வீடு வைத்திருப்பவனுக்கு வேறு நாட்டுக் கணக்கு எதற்கு என்று என் கணவர் ஒரு தடவை கேட்டார். அவரை நான்தான் அடக்கினேன்.

எட்டு மணி நேரத்துக்கும் மேலான பயணத்துக்குப் பிறகு பிற்பகலில் தரையிறங்கினோம். இரண்டு வாடகைக் கார்களை எடுத்துக்கொண்டு லு மூலுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஐந்தரை மணியாகிவிட்டது. அங்கே டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடும். அவன் தந்த முகவரியில் வீதி இருந்தது, அந்த இலக்கம் இல்லை. தார் முடிந்து மண் பாதையாகி, பாதை முடிந்த இடத்தில் கரும்பு நின்றது. பூத்த கரும்பு. அந்தச் சாம்பல் வெள்ளைப் பூக்கள் காரின் முன்விளக்கில் ஆடிக்கொண்டிருந்தன. அவனுடைய இலக்கத்தை அழைத்தால் மணியே அடிக்கவில்லை. அவனுடைய முகப்படம்கூட எனக்குத் தெரியாதபடி தடுத்திருந்தான் போலும், அனுப்பிய செய்திகள் எல்லாம் ஒற்றைக் குறியோடு நின்றன. அம்மா காரை விட்டு இறங்கவில்லை. திருநீறும் கற்பூரமும் வைத்திருந்த பையை மடியில் பிடித்தபடி, “அந்தத் தம்பிக்கு ஏதும் சுகமில்லையோ?” என்று கேட்டார்.

கடைசி வீட்டிலிருந்து வயதான ஒரு பெண்மணி ஒரு போத்தல் தண்ணீரோடு வந்தார். எங்களுக்கு முன்னால் டிசம்பரிலேயே இன்னொரு குடும்பமும் இதே பாதை முடிவில் வந்து நின்றதாகச் சொன்னார். என் மகள் திரையிலிருந்த படத்தைக் காட்டியதும், அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். “இது லு மூல் இல்லை, மகளே. எங்கள் ஊரில் சூரியன் கடலிலிருந்து எழும்பும், மறைவது இந்தக் கரும்புக்குப் பின்னால்தான்” என்றார். கிழக்குக் கரையில் உள்ள ஊரில் சூரியன் எப்படிக் கடலில் இறங்கும்? நான்கு மாதங்களாக எட்டுப் பேரும் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்றிரவு லு கோசியேயில் ஒரு விடுதியில் கிடைத்த இரண்டு அறைகளில் எட்டுப் பேரும் படுத்தோம். அதன் பிறகு இடம் மாறி மாறித் தங்கியதற்குப் போன செலவை நான் இங்கே கணக்கில் சேர்க்கவில்லை. கோவிலுக்கு ஒரு நாள் போனோம். அம்மா கற்பூரம் கொளுத்தினார். அங்கிருந்தவர்கள் எங்களை அன்போடு நடத்தினார்கள் என்பதையும், அவர்களுடைய பாட்டிமாரின் பெயரைச் சொல்லி எங்களிடம் திருடியவனுக்கும் அவர்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதையும் கட்டாயம் சொல்ல வேண்டும். அவன் அந்தத் தீவில் இருந்தவன் என்றே நான் நம்பவில்லை. பாரிசுக்கும் குவாதலூப்பிற்கும் குளிர்காலத்தில் ஐந்து மணி நேர வித்தியாசம். டிசம்பரில் வாட்சப் செய்திகளை மீண்டும் முதலிலிருந்து வாசித்தபோதுதான் பார்த்தேன்: நவம்பர் முழுவதும் அவனுடைய பதில்கள் எங்கள் நேரம் காலை எட்டு மணிக்கே வந்திருக்கின்றன. அங்கே அப்போது விடியற்காலை மூன்று மணி.

இனி நடந்தவை இழப்பைவிட மோசம். விளம்பரத் தளத்துக்கு மூன்று முறை எழுதினேன். பணம் தளத்துக்கு வெளியே செலுத்தப்பட்டதால் பொறுப்பேற்க முடியாது என்ற ஒரே பதில், ஒரே எழுத்துப் பிழையோடு, மூன்று முறை வந்தது. மூன்றாவதன் அடியில் ‘உங்கள் கோரிக்கை முடித்து வைக்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரங்கள் தருவீர்கள்?’ என்று கேட்டிருந்தார்கள். வங்கியில் இருபது நிமிடம் இசை கேட்ட பிறகு பேச வந்த இளைஞர், எச்சரிக்கை காட்டப்பட்டது, நீங்களே உறுதி செய்தீர்கள் என்றார். அது உண்மைதான். ஆனால் செப்டம்பரில் அனுப்பிய 792 யூரோவுக்கு எந்த எச்சரிக்கையும் வரவில்லையே என்று கேட்டேன். அதற்கு வேறு பிரிவுக்கு மாற்றுகிறேன் என்றார், இணைப்பு அறுந்தது. மறுநாள் வேறொருவர் எடுத்து, பணத்தைத் திரும்பக் கேட்டுப் பெறுநரின் வங்கிக்கு எழுதுவோம், நம்பிக்கை வைக்க வேண்டாம் என்றார். எட்டு நாட்கள் கழித்து, அந்தக் கணக்கில் மீதி எதுவும் இல்லை என்று இரண்டு வரியில் கடிதம் வந்தது. 2,640 யூரோ. என் தங்கை முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்து சேர்த்ததும் அதில் இருக்கிறது.

இணைய மோசடிகளுக்கென்று உள்துறை அமைச்சு நடத்தும் தெசே என்ற இணைய முறைப்பாட்டுச் சேவையில், காவல் நிலையத்துக்குப் போகாமலே புகார் கொடுத்திருக்கிறேன். போலி வாடகை வீடுகளும் அதில் அடங்கும். அதை முதல் நாளே செய்யுங்கள், என்னைப் போல ஒரு வாரம் தளத்தின் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். விளம்பரத்தையும் செய்திகளையும் அழிவதற்கு முன் படம் பிடித்து வையுங்கள்.

எப்படித் தப்பலாம் என்று விரிவாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை, இவ்வளவையாவது மனதில் வையுங்கள். தளத்தை விட்டு வெளியே வரச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். வங்கி மாற்றாக அனுப்பாதீர்கள், தளத்துக்குள் அட்டையால் கட்டுங்கள். பெயர் பொருந்தவில்லை என்று வந்தால் அனுப்பாதீர்கள், காரணத்தை அவனிடமே கேட்காதீர்கள். படலையைத் திறந்து வீதிக்கு வந்து காட்டும்படி நேரடிக் காணொளியில் கேளுங்கள். கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள்.

இன்று காலை அதே தளத்தில் அந்த விளம்பரம் மீண்டும் வந்திருக்கிறது. அதே நீலப் படலை, அதே ஊஞ்சல், அதே கடலில் இறங்கும் சூரியன். உரிமையாளர் பெயர் வேறு, ஊர் இந்தத் தடவை சென்-பிரான்சுவா என்று இருக்கிறது, அதுவும் கிழக்கு முனையில்தான். ஓர் இரவுக்கு 235 யூரோ, பெப்ரவரி 21 முதல் இடம் இருக்கிறதாம். காலை ஒன்பது மணிக்கு முறையிட்டேன். ‘உங்கள் முறைப்பாடு கிடைத்தது’ என்று இயந்திரம் பதில் அனுப்பியது. இதை எழுதி முடிக்கும் இந்த நேரத்திலும் விளம்பரம் அப்படியே இருக்கிறது.