ஏழு வருடமாகப் பழைய போட்டோக்களோடு: எது நின்றது, எது வீண்

ஏழு வருடங்களுக்கு முன் வீட்டிலிருந்த பழைய போட்டோக்களை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தபோது ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். எட்டு ஆல்பம், ஒரு தகரப் பெட்டி, அப்புறம் பழைய நாட்குறிப்புகளுக்குள்ளும் பீரோவின் அடித்தட்டில் விரித்த காகிதத்துக்கு அடியிலும் கிடந்த உதிரிகள். எண்ணிப் பார்த்தால் 1,400 சொச்சம். முதல் சுற்று முடியவே எட்டு மாதம் ஆனது. அதன் பிறகு இத்தனை வருடமும் செய்தது பெரும்பாலும் முதல் சுற்றில் அவசரப்பட்டதைத் திருத்தியதுதான்.

முதல் அவசரம் ஸ்கேனர். பெட்டியைத் திறந்த அன்றே அதையும் வாங்கிவிட்டேன். கைக்கு வந்த வரிசையில் இரண்டு வாரக்கடைசியில் முந்நூறு படங்களை ஏற்றிவிட்டேன். ஒரே படத்தின் பிரதி மூன்று ஆல்பத்தில் இருக்கும் என்பது அப்போது தோன்றவில்லை. நாலாவது ஆல்பத்தைப் பிரித்த பிறகுதான் இதே முகங்களை மூன்றாம் தடவையாகத் துடைத்துக் கண்ணாடியில் வைக்கிறேன் என்பது புரிந்தது. அந்த முந்நூறில் பாதியை அழித்தேன். மீதிக்கு எது எந்தப் படம் என்று தேடிப் பொருத்த இன்னொரு மாதம்.

ஆல்பங்களில் மோசம் ஒட்டும் ஆல்பம்தான். அட்டையில் கோடு கோடாகப் பசை, மேலே உரித்து மூடும் பிளாஸ்டிக் தாள். எழுபது, எண்பதுகளில் பரவலாக விற்றவை. அதற்கு முந்திய, மூலைகளைச் செருகி வைக்கும் கறுப்புத்தாள் ஆல்பம் ஒன்றும் எங்களிடம் இருந்தது. வயதில் மூத்த அந்த ஆல்பத்துப் படங்கள் இன்றும் பளிச்சென்று இருக்கின்றன. ஒட்டு ஆல்பத்தில் இருந்தவற்றின் முதுகில் பசைக்கோடு மஞ்சளாக ஏறி, சிலவற்றில் முன்பக்கத்துக்கே தெரிகிறது.

அவற்றை எடுக்க நான் பட்ட பாடு தனிக்கதை. சூடு காட்டினால் பசை இளகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு முடி உலர்த்தும் கருவியைப் பிடித்தேன். ஒரு படம் சுருண்டு மேற்பரப்பு விரிசல் விட்டது. அதோடு நிறுத்தினேன். கைகொடுத்தது பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூல், அதுவும் மெழுகு பூசாதது. படத்துக்கும் அட்டைக்கும் நடுவே நூலை நுழைத்து, இரண்டு கையாலும் பிடித்து, ரம்பம் இழுப்பதுபோல மெல்ல மெல்ல இழுக்க வேண்டும். ஒரு படத்துக்கு ஐந்து நிமிடம் ஆகும். பொறுமை போன அன்று தொடக்கூடாது. தொடங்குமுன் பக்கம் முழுவதையும் அப்படியே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிழிந்தாலும் உருவம் கையில் இருக்கும், எந்தப் படத்துக்கு அடுத்து எது இருந்தது என்ற வரிசையும் போகாது. அந்த வரிசை எவ்வளவு பெரிய தடயம் என்று பின்னால்தான் தெரிந்தது. பதினொரு படங்கள் எதற்கும் மசியவில்லை. அவற்றை அடியிலிருக்கும் அட்டையோடு சேர்த்து வெட்டி எடுத்துவிட்டேன். பார்க்க அழகில்லை, ஆனால் முழுசாக இருக்கின்றன.

சட்டத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை மட்டும் பிய்க்க நினைக்காதீர்கள். படத்தின் மேலிருப்பது ஜெலட்டின். ஈரம் பட்டு இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டது, இழுத்தால் முகத்தோடு வரும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிட்டு அப்படியே வைத்துவிட்டேன். யாரோ நல்ல மனதோடு லேமினேட் செய்து வைத்த ஐந்தாறு படங்களுக்கும் அதே கதி. அதைப் பிரிக்க வழியில்லை.

சரி, வரிசைக்கு வருகிறேன். இதில்தான் நான் முழுதாகத் தோற்று, பிறகு ஒரு வழி கண்டது. முதலில் வருடவாரியாகப் பிரித்தேன். கணினியில் பார்க்க அது ஒழுங்காக இருந்தது. ஆனால் பாதிப் படங்களுக்கு வருடமே தெரியாது. ‘அறுபதுகள், சுமாராக’ என்று ஒரு உறை வீங்கிக்கொண்டே போனது. அதைவிட முக்கியம், வீட்டில் யாரும் வருடத்தைச் சொல்லிப் படம் கேட்பதில்லை. ஒருநாள் அத்தை வந்து அந்த வீங்கிய உறையைக் கொட்டிப் பார்த்தார். பத்து நிமிடத்தில் மூன்று குவியலாகப் பிரித்துவிட்டார். “இது பச்சைக் கதவு வீடுடா. இது மாடிப்படி வீடு. நீ அப்போ பொறக்கவே இல்ல” என்றார். பின்னணியில் இருந்த கதவையும் தரையையும் சன்னல் கம்பியையும் பார்த்து அவர் பிரித்துக்கொண்டே போனார். நான் அதுவரை முகங்களை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து எங்கள் பெட்டியில் பிரிவு என்பது குடியிருந்த வீடுதான். மொத்தம் ஆறு வீடுகள். எந்த வீட்டில் எப்போதிலிருந்து எப்போது வரை என்பது பெரியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. குழந்தை பிறந்ததையும் வேலை மாறியதையும் வீட்டோடு சேர்த்துத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டுக்குள் வந்துவிட்டால், குழந்தைகளின் உயரத்தை வைத்து முன்னே பின்னே அடுக்கிவிடலாம். வெளியே எடுத்த படங்களுக்கு மட்டும் ஏழாவதாக ஒரு பிரிவு. ஆறு வருடமாக இந்த அமைப்பை மாற்ற வேண்டி வரவில்லை.

தேதி கண்டுபிடிக்கப் படத்தின் உடலே சில குறிப்புகள் தரும். பல்பல்லாக வெட்டிய விளிம்பு பெரும்பாலும் முப்பதுகளிலிருந்து அறுபதுகள் வரை. சதுரமான படங்கள் எங்கள் தொகுப்பில் 1963-இல் கோடக் இன்ஸ்டாமேட்டிக் வந்த பிறகானவை. ஓரத்தில் மாதமும் வருடமும் அச்சிட்டிருந்தால், அது படத்தைக் கழுவிய தேதி. எடுத்த தேதியாக இருக்க வேண்டியதில்லை. ஒரு ரோல் முடியாமல் கேமராவுக்குள்ளேயே பல மாதம் தூங்குவது எல்லா வீட்டிலும் நடந்ததுதானே. பின்னால் வந்த கேமராக்கள் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் போட்ட தேதியையும் அப்படியே நம்பாதீர்கள். பேட்டரி மாற்றிய பிறகு யாரும் தேதியைச் சரிசெய்யவில்லை. எங்கள் வீட்டில் ஒரு முழு வருடமும் ஜனவரி முதல் வாரத்திலேயே கழிந்திருக்கிறது.

பின்பக்கம் எழுதும் விஷயத்தில் ஒரு தவறு செய்தேன், இன்றும் உறுத்துகிறது. பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதிய முப்பது படங்களில் எழுத்துத் தடம் முன்பக்கம் புடைத்துத் தெரிகிறது. பழைய காகிதப் பிரிண்ட்டுகளில் மென்மையான பென்சில் போதும். கெட்டியான சமதளத்தில் வைத்து, முகத்துக்கு நேர் பின்னால் இல்லாமல் ஓரமாக எழுத வேண்டும். எழுபதுகளுக்குப் பிந்திய பிளாஸ்டிக் பூச்சுக் காகிதத்தில் சாதாரணப் பென்சில் பிடிக்காது. அதற்குக் கண்ணாடி, பிளாஸ்டிக் மேலும் எழுதுகிற வகைப் பென்சில் தனியாகக் கிடைக்கிறது. எதிலுமே எழுத மனமில்லை என்றால் உறையின்மேல் எழுதுங்கள், ஆனால் படத்தை உள்ளே போடுவதற்கு முன்னால்.

உறைகள் என்றால் அமிலமில்லாத காகிதம், இல்லையென்றால் பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரோப்பிலீன். பிவிசி கூடாது. திறந்ததும் புதுக் குளியலறைத் திரைபோல மணம் அடித்தால் அது பெரும்பாலும் பிவிசிதான். ‘காப்பகத் தரம்’ என்று அட்டையில் அச்சடிப்பதற்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். உறைப் பொருள் படத்தைக் கெடுக்குமா என்று பார்க்கும் போட்டோகிராஃபிக் ஆக்டிவிட்டி டெஸ்ட் தேறியது, அதாவது ஐஎஸ்ஓ 18916, என்று போட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். நான் முதலில் வாங்கிய அழகான பிளாஸ்டிக் பக்க ஆல்பம் இரண்டே வருடத்தில் பிசுபிசுக்க ஆரம்பித்தது. பார்க்கச் சாதாரணமான அட்டைப்பெட்டிகள் மூன்று இன்னும் அப்படியே இருக்கின்றன. ஆல்பத்தைவிடப் பெட்டி நல்லது என்பதுதான் என் கட்சி. உறையை உருவிக் கையில் கொடுக்கலாம், பார்த்ததும் திரும்ப வைக்கலாம், இடையில் புதிதாக ஒன்று கிடைத்தால் செருகலாம்.

பெட்டி இருக்கும் இடம் பெட்டியைவிட முக்கியம். பரணிலும் வைக்கவில்லை, வெளிச்சுவரை ஒட்டிய தட்டிலும் வைக்கவில்லை. படுக்கையறை அலமாரியின் நடுத்தட்டில் இருக்கிறது. கூடவே ஒரு சின்ன ஈரப்பதமானி. 30-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 65-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். இரண்டாம் வருட மழைக்காலத்தில் 72 காட்டியது; பயந்துபோய் சிலிக்கா ஜெல்லை அள்ளிப் போட்டதில் இப்போது எதிர்ப்பக்கம் கோளாறு. 20-க்குக் கீழே இறங்கி, பழைய கறுப்புவெள்ளைப் படங்கள் இலைபோல வளைந்துவிட்டன. அளவாகப் போட்டு மாதம் ஒருமுறை மீட்டரைப் பார்ப்பதோடு சரி.

இதெல்லாம் முடிந்த பிறகு, மூன்றாம் வருடத்தில், ஸ்கேனை மறுபடி தொடங்கினேன். இந்தத் தடவை ஸ்கேனரும் வேறு. முதலில் வாங்கியது சிஐஎஸ் வகை. மெலிசு, ஆனால் கண்ணாடியோடு ஒட்டிப் படியாத படம் மங்கிவிடும். வளைந்த பழைய படங்களுக்கு, கண்ணாடியிலிருந்து சற்று விலகியதையும் தெளிவாக எடுக்கும் சிசிடி வகைதான். கையளவுப் படங்களுக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு அத்தனை புள்ளி), நகத்தளவு முகங்கள் உள்ள சின்னப் படங்களுக்கு 1200. அதற்கு மேல் போவதில் காகிதத்தின் நார்தான் பெரிதாகத் தெரிகிறது. நாலுக்கு ஆறு அங்குலப் படம் 600-இல், சுருக்காமல் சேமிக்கும் டிஃப் கோப்பாகச் சுமார் 26 எம்பி வரும். தானாக நிறம் திருத்தும் வசதிகளை அணைத்துவிடுங்கள். எழுபதுகளின் வண்ணப் படங்கள் சிவப்பேறிப் போயிருப்பது அவற்றிலுள்ள சயான், அதாவது நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கியதால். அதைத் தனிப் பிரதியில் சரிசெய்துகொள்ளலாம், மூலக் கோப்பைத் தொடாமல். தேன்கூடுபோல மேடுபள்ளமான பட்டுக் காகிதத்தில் அச்சிட்டவை மட்டும் ஸ்கேனரில் மினுமினுத்தன. அவற்றை இரு பக்கமும் விளக்கு வைத்துக் கேமராவில் எடுத்தேன். தாளை நிமிடத்துக்குப் பல இழுத்துக்கொள்ளும் வேக ஸ்கேனர் ஒன்றை நண்பர் கொடுத்தார். புதுப் படங்களுக்குச் சரி. மூலை கிழிந்த ஒன்றை அது கடித்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கோப்பின் பெயரில் வீட்டு எண், உறை எண், பட எண், அவ்வளவுதான். விவரம் எல்லாம் கோப்புக்குள்ளேயே தமிழில் குறிப்பாக எழுதியிருக்கிறேன், டிஜிகேம் மென்பொருளில். தேதியையும் அங்கேயே திருத்தாவிட்டால் போனில் கொள்ளுப்பாட்டி போன ஞாயிற்றுக்கிழமைப் படங்களுக்கு நடுவில் வந்து நிற்பார். உறவினர் ஒருவர் இருபது வருடத்துக்கு முன் பழைய எழுத்துருவில் தட்டிய பெயர்ப்பட்டியல் ஒன்றை அனுப்பினார். திறந்தால் ஒரே கிறுக்கல். மாற்றி எடுக்க ஒரு நாள் போனது, ஆனால் அதில்தான் நாற்பது பேருக்குப் பெயர் கிடைத்தது. ஐந்தாம் வருடம் ஒரு ஹார்டு டிஸ்க் சொல்லாமல் கொள்ளாமல் செத்தது. இரண்டாவது பிரதி அலமாரியிலும் மூன்றாவது தங்கை வீட்டிலும் இருந்ததால் அன்று மாலையே புதிதில் ஏற்றிவிட்டேன்.

இன்னும் தொடாதது நெகட்டிவ்கள். ஒரு பிஸ்கட் டப்பா நிறைய. போன மாதம் மூடியைத் திறந்ததும் வினிகர் நெடி மூக்கைப் பிடித்தது. அசிடேட் ஃபிலிம் சிதைகிறது என்று அர்த்தம். அந்த நெடி பக்கத்து ஃபிலிம்களின் சிதைவையும் முடுக்கும். நாற்றமடிக்கும் நாலு சுருளைப் பிரித்து மூடாத காகித உறையில் தனியாக வைத்திருக்கிறேன். அதில் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பச்சைக் கதவு வீட்டு வாசல், ஏழு பேர் நிற்கிறார்கள். எங்கள் பெட்டியில் இந்தப் படம் இல்லை. வருகிற சனிக்கிழமை அத்தை வருகிறார். அதற்குள் அந்தச் சுருளை முதலில் ஸ்கேன் செய்துவிட வேண்டும்.