அறிவியல் திகில் கதைக்கு யார் பணம் போடுவார்கள்?

பேய்க்கதை என்றால் தயாரிப்பாளர் முழுவதையும் கேட்பார். அதிலே அறிவியல் கலந்திருக்கிறது என்றதும் முதல் கேள்வி, "கிராஃபிக்ஸுக்கு எவ்வளவு ஆகும்?" என்பதாகத்தான் இருக்கும். கேள்வி நியாயமானது. தமிழ்ப் படங்களில் பெரும்பகுதி வட்டிக்கு வாங்கிய பணத்தில் எடுக்கப்படுகிறது. கிராஃபிக்ஸ் இழுத்துக்கொண்டே போனால் வட்டியும் ஏறும். 2018-இல் படப்பிடிப்பு தொடங்கிய, கிராஃபிக்ஸ் நிறைந்த வேற்றுகிரகவாசிக் கதையான 'அயலான்' 2024 பொங்கலுக்குத்தான் திரைக்கு வந்தது. பெரிய நடிகர் இருந்த படத்துக்கே இவ்வளவு காத்திருப்பு என்றால், புதியவரின் கதையை நம்பி யார் கடன் வாங்குவார்கள்?

ஆனாலும் தயாரிப்பாளர் வழியில் ஒரு பெரிய நன்மை உண்டு. பணத்தோடு வெளியீடும் விநியோகமும் சேர்ந்தே வரும். மற்ற வழிகளில் படத்தை முடித்த பிறகு அதற்குத் தனியாக அலைய வேண்டும்.

பொதுமக்கள் பலரிடம் சிறிது சிறிதாகப் பணம் திரட்டும் கூட்டு நிதி என்றதும் எல்லோரும் கன்னடப் படமான 'லூசியா'வைச் சொல்வார்கள். அதன் இயக்குநர் பவன் குமார் 2012-இல் இணையத்தில் வேண்டுகோள் வைத்து, 27 நாட்களில் 110 பேரிடம் சுமார் 50 லட்சம் ரூபாய் திரட்டினார். நான் மிக மதிக்கும் முயற்சி அது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே அவர் இயக்கிய ஒரு கன்னடப் படம் வெளியாகியிருந்தது. ரசிகர்களுக்கு அவரைத் தெரியும். பெயர் அறியாத ஒருவர் கேட்டால் நண்பர்களும் உறவினர்களும்தான் கொடுப்பார்கள். லாபத்தில் பங்கு தருவதாகச் சொல்லித் திரட்டினால் சட்டமும் குறுக்கே வரும். தனியார் நிறுவனம் ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் பங்குகளை வாங்க அழைக்கக் கூடாது என்கிறது கம்பெனிகள் சட்டம். ஆஸ்திரேலியத் திகில் படமான 'தி பாபடூக்' வேறு விதமாகச் செய்தது. முதன்மை நிதியை அரசு அமைப்புகளிடம் பெற்றுக்கொண்டு, அரங்க அமைப்புக்காக மட்டும் கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டு நிதி இணையதளத்தில் சுமார் 30,000 டாலர் திரட்டினார்கள். கூட்டு நிதியை இப்படித் துணைக்கு வைத்துக்கொள்வதே சரி என்று நினைக்கிறேன்.

கோவாவில் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் (என்.எஃப்.டி.சி.) 2007 முதல் நடத்திவரும் ஃபிலிம் பஜார் பணம் கொடுக்கும் இடம் அல்ல, கூட்டுத் தயாரிப்பாளரைத் தேடும் சந்தை. கையில் செப்பமான திரைக்கதையும் காத்திருக்கும் பொறுமையும் இருப்பவர்களுக்கு ஏற்றது.

என் வாக்கு குறும்படத்துக்கே. திகிலைக் காகிதத்தில் விற்பது கடினம். பயம் ஒலியிலும் இருட்டிலும் இருக்கிறது. மெல்போர்னைச் சேர்ந்த ஜேம்ஸ் வானும் லீ வானலும் தங்கள் திரைக்கதையிலிருந்து ஒரே ஒரு காட்சியை 2003-இல் பத்து நிமிடத்துக்கும் குறைவான படமாக எடுத்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த ஆண்டே சுமார் 12 லட்சம் டாலரில் அது 'சா' என்ற முழுநீளத் திகில் படமானது. நம் ஊரிலும் கார்த்திக் சுப்புராஜ், ஆர். ரவிக்குமார் போன்றோர் தொலைக்காட்சிக் குறும்படப் போட்டி வழியாகவே அறியப்பட்டார்கள். 'ஜிகர்தண்டா'வுக்குத் தேவையான பட்ஜெட் கிடைக்காதபோது கார்த்திக் சிறிய செலவில் முடியும் 'பீட்சா'வை முதலில் எடுத்ததும் நினைவில் இருக்கட்டும்.

எந்தக் காட்சியை எடுப்பது? கதையிலேயே செலவு குறைந்த, ஆனால் பயம் அதிகமான காட்சியை. ஓர் அறை, இரண்டு நடிகர்கள் போதும். கதையில் பயமுறுத்தும் உயிரினம் இருந்தால் அதைக் காட்டாதீர்கள். கதவுக்கு அப்பால் அது மூச்சுவிடட்டும். மிச்சமாகும் பணத்தை ஒலிக்குக் கொடுங்கள். யாருக்கும் அனுப்பும் முன் முழுத் திரைக்கதையையும் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் பதிவுசெய்துவிடுங்கள்.